டிரெய்லர் ஆடுகிறதா, பின்புறம் அமுங்குகிறதா, வண்டி சூடாகிறதா: நடுத்தரப் பிக்கப்பில் கனமான லோடு இழுக்கும்போது அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

டிரெய்லரை மாட்டியதும் வண்டியின் நடத்தை மாறினால், பலரும் உடனே பாகம் மாற்றக் கிளம்புகிறார்கள். நல்ல ஷாக் அப்சார்பர் எது, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர் பேக் போடலாமா, பெரிய ரேடியேட்டர் கிடைக்குமா என்று பேச்சு போகிறது. நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: ஸ்பானரை எடுக்கும் முன் வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். நடுத்தரப் பிக்கப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை எடை கூடியதாலோ, எடை தப்பான இடத்தில் உட்கார்ந்ததாலோ வருபவை. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் தொல்லை வேறு இடத்தில் தலைகாட்டும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் எடை

ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்ற டீசல் பிக்கப்புகளுக்குப் பல நாடுகளில் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ வரையும், பிரேக் இல்லாதது என்றால் 750 கிலோ வரையும் இழுக்க அனுமதி உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது அந்த 3,500 மட்டும். வண்டிக்கு வேறு எல்லைகளும் உண்டு: பிக்கப்பின் மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு தாங்கும் எடை, பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை, பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் இறங்கக்கூடிய எடை. இவற்றில் எது முதலில் நிரம்புகிறதோ அதுதான் உங்கள் உண்மையான எல்லை.

ஒரு கணக்கு பாருங்கள். கூட்டு எடை எல்லை 6,000 கிலோ, பிக்கப் காலியாக 2,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 3,500 கிலோ டிரெய்லரை மாட்டினால் மிச்சம் 350 கிலோ. ஆட்கள், பெட்டி, கருவிகள், பின்னால் பொருத்திய மூடி, முன்னால் பொருத்திய கம்பி பம்பர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான்கு பெரியவர்கள் ஏறினாலே கிட்டத்தட்ட முடிந்தது. அமெரிக்காவில் இழுக்கும் திறனை அளக்கப் பயன்படும் எஸ்ஏஇ ஜே2807 தரநிலையிலும் வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரு பயணியும், தலைக்கு 68 கிலோ என்றுதான் கணக்கு. குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகிறவருக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது.

எடைமேடையில் மூன்று முறை நிற்க வேண்டும். முதலில் பயணத்துக்குத் தயாரான நிலையில் பிக்கப் மட்டும். அடுத்து டிரெய்லரை மாட்டி, பிக்கப்பின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி. கடைசியாக எல்லாம் சேர்த்து. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பந்தின் மேல் இறங்கும் எடை கிடைக்கும். முடிந்தால் முன் அச்சை மட்டும் தனியாகவும், டிரெய்லர் மாட்டும் முன்பும் பின்பும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கீழே உதவும்.

எடைமேடை பக்கத்தில் இல்லையா? பந்து எடையை மட்டும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். உறுதியான பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறு முனையை ஆள் எடை பார்க்கும் மெஷின் மேலும் வையுங்கள். செங்கல்லிலிருந்து பலகையின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் டிரெய்லரின் மூக்கை மெதுவாக இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் பந்து எடை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

## டிரெய்லர் இடவலமாக ஆடுகிறது

இருப்பதிலேயே ஆபத்தான அறிகுறி இது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஆட்டம் தொடங்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் போகாதீர்கள். உங்கள் கை ஒரு நொடி தாமதமாகத்தான் திருப்பும். அந்தத் தாமதம் ஆட்டத்தைக் கூட்டும். டிரெய்லர் பிரேக்குக்குத் தனிக் கை விசை இருந்தால் அதை மட்டும் அழுத்துங்கள், டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்து நேராகும். பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் வரும் எடை வண்டியை மடக்கிவிடும். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஓரமாக நிறுத்தியாயிற்று. சரி, இப்போது காரணத்தைத் தேடலாம்.

முதல் சந்தேகம் பந்து எடை குறைவு. மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை பந்தின் மேல் இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பழகிய கணக்கு. ஐரோப்பிய வண்டிகளிலும் டிரெய்லர்களிலும் அனுமதிக்கும் அளவு இதைவிடக் குறைவு. உங்கள் கையேடு எதைச் சொல்கிறதோ அதன் மேல் எல்லையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் டிரெய்லரின் பின்பக்கம் கனமாகி, சின்னக் காற்று அடித்தாலும் வால் ஆடத் தொடங்கும்.

பொருளை நகர்த்துவது எவ்வளவு பலன் தரும் என்பதைப் பலர் குறைத்தே எடைபோடுகிறார்கள். பந்துக்கும் டிரெய்லர் அச்சுக்கும் இடையே 4 மீட்டர் என்று வையுங்கள். அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கும் 100 கிலோ பொருளை அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் கொண்டுவந்தால் பந்து எடை 50 கிலோ கூடும். காசு செலவில்லாத வைத்தியம்.

நான் ஒரு முறை ஜெனரேட்டரை டிரெய்லரின் பின் கதவோரம் கட்டியிருந்தேன், இறக்க வசதியாக இருக்கும் என்று. 85 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பெரிய லாரி தாண்டிப்போன காற்றுக்கு டிரெய்லர் மூன்று முறை வீசியது. கை நடுங்க நிறுத்திவிட்டு, ஜெனரேட்டரை அச்சுக்கு முன்னால் மாற்றிக் கட்டினேன். அதே சாலை, அதே வேகம், அதன் பிறகு ஆட்டமே இல்லை. எந்தப் பாகமும் மாற்றவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மொத்தப் பந்து எடை சரியாக இருந்தும் ஆட்டம் வரலாம். முன் முனையில் பெரிய கருவிப் பெட்டி, பின் முனையில் ஸ்டெப்னியும் சைக்கிள்களும் இருந்தால் தராசு சமமாக நிற்கும், ஆனால் ஒரு முறை திரும்பத் தொடங்கினால் நிற்காது. இரு முனையிலும் எடை வைத்த கம்பியைச் சுழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கனமானது அச்சுக்கு மேலும் அதற்குச் சற்று முன்னாலும், தரையோடு ஒட்டியும் இருக்கட்டும்.

எடை சரி என்றால் அடுத்தது டயர். பிக்கப்பின் பின் டயர்களில் காலி வண்டிக்கான காற்றே இருந்தால் பக்கச்சுவர் வளைந்து கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும். கதவோரத் தகட்டில் முழு லோடுக்கு எழுதியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். பிறகு ஹிட்ச் குழாய்க்குள் கம்பம் எவ்வளவு ஆடுகிறது, டிரெய்லர் அச்சின் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக வேகம். ஒவ்வொரு பிக்கப்–டிரெய்லர் ஜோடிக்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும், அதற்கு மேலே தானாக வளரும். எல்லாம் சரிபார்த்த பிறகும் 95-இல் ஆடுகிறது, 80-இல் ஆடவில்லை என்றால் அந்த லோடுக்கு 80 தான் வேகம். ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுக் கம்பி நல்ல துணைதான். ஆனால் தப்பாக ஏற்றிய லோடை மறைப்பதற்கு அதை வாங்காதீர்கள்.

## பின்புறம் அமுங்குகிறது, ஸ்டியரிங் லேசாக இருக்கிறது

இரவில் எதிரே வருபவர் லைட் அடித்துக் காட்டுகிறார், மழையில் முன் டயர் வழுக்குகிறது, திருப்பத்தில் ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது போல் இருக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: முன் அச்சிலிருந்து எடை கழன்று பின்னால் போய்விட்டது.

பந்து பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கும் பின்னால் தொங்குகிறது என்பதை மறந்துவிடுகிறோம். முன் பின் அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்துக்கு 1.2 மீட்டர் என்று கொள்வோம். பந்தில் 300 கிலோ இறங்கினால் பின் அச்சில் கூடுவது 300 அல்ல, 416 கிலோ. மிச்ச 116 கிலோ முன் அச்சிலிருந்து வந்தது. நெம்புகோல் கணக்குதான். அதோடு பின் தொட்டியிலும் சாமான் ஏற்றினால், மொத்த எடை எல்லைக்குள் இருக்கும்போதே பின் அச்சு எல்லையைத் தாண்டிவிடும்.

எனவே வரிசை இதுதான். முதலில் பின் தொட்டியில் கதவோரம் இருக்கும் கனத்தைக் கேபினை ஒட்டி நகர்த்துங்கள், அல்லது டிரெய்லருக்குள் அச்சுக்கு மேல் வையுங்கள். அடுத்து பந்து எடை அனுமதியைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். அதன் பிறகும் முன் அச்சு கணிசமாகக் குறைந்திருந்தால், வண்டித் தயாரிப்பாளரும் டிரெய்லர் தயாரிப்பாளரும் அனுமதிக்கும் பட்சத்தில், எடையைப் பங்கிடும் ஹிட்ச் பொருத்தலாம். அதன் ஸ்பிரிங் கம்பிகள் எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பி அனுப்பும்.

ஏர் பேக் இந்த வேலையைச் செய்யாது. பின்புறத்தைத் தூக்கிக் காட்டும், வண்டி மட்டமாகத் தெரியும், ஆனால் முன் அச்சுக்குப் போக வேண்டிய 116 கிலோ போகாது. அதைவிட மோசம், லீஃப் ஸ்பிரிங்கின் இரு முனைகளில் பரவ வேண்டிய சுமையைச் சேஸிஸின் ஒரே இடத்தில் குவிக்கும். ஏர் பேக் போட்டு, தொட்டியிலும் ஏற்றி, பந்திலும் தொங்கவிட்டு, மேடு பள்ளத்தில் ஓட்டியதால் கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் வளைந்த பிக்கப்புகள் உண்டு. மட்டமாக நிற்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், முன் அச்சின் எண்ணைப் பாருங்கள்.

## ஏற்றத்தில் சூடாகிறது, கியர் மாறிக்கொண்டே இருக்கிறது

5,500 கிலோ கூட்டு எடையோடு 6 சதவீத ஏற்றத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 72 கிலோவாட் வேண்டும். காற்றுத் தடையும் டயர் உராய்வும் அதற்கு மேல். அதே ஏற்றத்தை 50-இல் ஏறினால் 45 கிலோவாட் போதும். இன்ஜின் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியதும் வேகத்தைக் குறைத்து, கியரையும் ஒன்று குறைப்பதுதான் முதல் மருந்து. குறைந்த கியரில் இன்ஜின் சுற்று கூடும், தண்ணீர் பம்ப்பும், இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் விசிறியும் வேகமாக ஓடும். இன்ஜின் சத்தம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம், உயர்ந்த கியரில் மூச்சுத் திணறி ஏறுவதுதான் இன்ஜினுக்குக் கெடுதல்.

ஏசியை அணையுங்கள். இன்னும் ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், வேர்த்துக் கொட்டினாலும் உதவும். முள் சிவப்பைத் தொடும் முன்பே நிறுத்தி, நியூட்ரலில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். நின்ற பிறகும் முள் ஏறினாலோ, கூலன்ட் வெளியே கொட்டினாலோ உடனே அணைத்துவிட வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஆறியபின் தேட வேண்டியவை: கூலன்ட் அளவு, ரேடியேட்டருக்கும் அதன் முன் இருக்கும் ஏசி கண்டன்சருக்கும் இடையில் அடைத்த பூச்சி, புல், சேறு. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், இடுக்கில் கம்பளம் போலப் படிந்திருக்கும். பிசுபிசு விசிறிக் கிளட்ச் உள்ள வண்டியானால், சூடான நேரத்தில் விசிறி பலத்த இரைச்சலோடு சுற்ற வேண்டும். இரைச்சலே வரவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது.

இன்ஜின் முள் நடுவில் நிற்கிறது, ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் நான்குக்கும் ஐந்துக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால் சூடாவது கியர்பாக்ஸ். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாமல் வழுக்கும்போது, வழுக்கும் சக்தி முழுதும் கியர் ஆயிலில் வெப்பமாகிறது. டிரெய்லர் இழுக்கவென்றே வரும் டோ மோடு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் கைமுறையில் குறைந்த கியரில் நிறுத்துங்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டில் கியர் ஆயிலின் சூடு தெரியாது, மெக்கானிக் பழுது பார்க்கக் கருவி மாட்டும் ஓபிடி துளையில் மாட்டும் சின்னக் கருவி காட்டிவிடும். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதி. 120-ஐத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் ஆயில் வேகமாகக் கெடும். கருகிய வாசனையும் பழுப்பு நிறமும் வந்திருந்தால் ஆயிலை மாற்றி, தனி ஆயில் கூலர் பொருத்துவதைப் பற்றி யோசியுங்கள். அடிக்கடி இழுக்கிறவருக்கு நான் முதலில் சிபாரிசு செய்யும் பாகம் அதுதான்.

சூடே இல்லை, வண்டி இழுக்க மட்டும் மறுக்கிறது என்றால் வேறு பக்கம் பாருங்கள்: ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் கிழிசல். குழாய் கிழிந்தால் லோடில் சீறும் சத்தமும் கரும்புகையும் வரும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் என்றால் 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் சக்தி குறைவது இயல்பு, அது பழுது அல்ல.

## இறக்கத்தில் பிரேக் மெத்தென்று போகிறது

பெடல் ஆழமாகப் போனால் உடனே கியரைக் குறையுங்கள், டிரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்துங்கள், நிறுத்த இடம் கிடைத்ததும் நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் கோணிவிடும்.

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது? அதே 5,500 கிலோ, 6 சதவீத இறக்கம், 8 கிலோமீட்டர். கீழே வந்து சேர்வதற்குள் 480 மீட்டர் உயரம் இறங்கியிருக்கிறோம். அந்தச் சக்தி, சாதாரணத் தண்ணீர் ஏறக்குறைய 77 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அதில் எவ்வளவை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்கின்றனவோ அவ்வளவு பிரேக்குக்கு வேலை குறையும். ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே, மேலேயே, கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் கூடினால் ஒரு முறை நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டு விடுங்கள், காலைப் பெடல் மேலேயே வைத்திருக்காதீர்கள்.

பெடல் பஞ்சு போல ஆனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 140. டாட் 4 என்றால் 230, ஈரத்தில் 155. ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், எனவே பார்க்க நன்றாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை என்றால் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது.

அடுத்து, டிரெய்லர் தன் பங்கைச் செய்கிறதா என்று பாருங்கள். எலக்ட்ரிக் பிரேக் என்றால் லோடோடு, காலியான மட்டச் சாலையில் 30–40 கிலோமீட்டர் வேகத்தில் கை விசையை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து திடமாகப் பிடித்து இழுக்க வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் டிரெய்லர் பிரேக்கின் பலத்தை அமைக்கும் கன்ட்ரோலரின் அளவைக் கூட்டுங்கள், சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் ஒரு படி குறையுங்கள். லோடு மாறினால் அளவும் மாற வேண்டும். கூட்டியும் பலனில்லை என்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை. ஒரு பிரேக் காந்தம் ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கும், நான்கு சக்கரத்துக்கு 12. மெல்லிய ஒயரும் துருப்பிடித்த எர்த்தும் அதைத் தாங்காது.

டிரெய்லர் பிக்கப்பைத் தள்ளும் விசையில் வேலை செய்யும் பிரேக் என்றால் கன்ட்ரோலர் இல்லை. மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த டிரெய்லர் நகர மறுத்தால், பந்தைக் கவ்வும் கப்ளர் உள்ளே தள்ளப்பட்டுப் பிரேக் பிடித்திருக்கிறது. அதைத் தடுக்க ஒரு பூட்டு ஊசி இருக்கும், அதைப் போட்டு ரிவர்ஸ் எடுங்கள், முடிந்ததும் மறக்காமல் கழற்றுங்கள்.

## கிளம்பும்போதும் நிற்கும்போதும் டங்கென்று இடி

பந்தின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றா என்று பந்தின் மேலேயே செதுக்கியிருப்பதைப் படியுங்கள். 50 மில்லிமீட்டரும் 2 அங்குலமும் பார்வைக்கு ஒன்றே, ஆனால் 0.8 மில்லிமீட்டர் வித்தியாசம். பெரிய கப்ளரில் சிறிய பந்து இருந்தால் அந்தப் பயணத்தைத் தொடங்காதீர்கள். கப்ளர் பூட்டியதா என்று உறுதிசெய்ய, மாட்டியபின் டிரெய்லர் ஜாக்கியைச் சில சுற்று ஏற்றுங்கள்: பிக்கப்பின் பின்புறமும் கூடவே எழ வேண்டும். இதெல்லாம் சரியென்றால் ஹிட்ச் பின்னுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள தளர்வுதான். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டால் அடங்கும்.

## டிரெய்லரின் ஒரு சக்கரம் மட்டும் சூடு

கிளம்பி 15–20 நிமிடத்தில் ஒரு முறை நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு சக்கர நடுமூடிக்கும் அருகே கொண்டுபோங்கள். எல்லாம் ஒரே இளஞ்சூடு என்றால் நல்லது. ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி இருந்தால் அங்கே பேரிங் போகிறது அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால் பிரேக். கரகரவென்றால், அல்லது மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆடினால் பேரிங். புதிதாகக் கிரீஸ் போட்ட பிறகு சூடானால் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள். சத்தம் கேட்கும் பேரிங்கோடு அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம், சக்கரம் தனியாகக் கழன்று ஓடும் விபத்து அப்படித்தான் நடக்கிறது.

டயரே சூடாக இருந்தால் காற்று குறைவு. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம், எனவே டயர் மேல்பரப்பின் பட்டனை மட்டும் பார்க்காமல் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வயது தாண்டியதைக் கனமான லோடுக்கு நான் நம்பமாட்டேன். இரட்டை அச்சு டிரெய்லரில் ஒரு அச்சின் டயர்கள் மட்டும் சூடானால் டிரெய்லர் மட்டமாக நிற்கவில்லை. மூக்கு தூக்கியிருந்தால் பின் அச்சும், தாழ்ந்திருந்தால் முன் அச்சும் சுமையைத் தனியாகத் தாங்கும். பந்தின் உயரத்தை மாற்றுங்கள்.

## இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் மினுக்குகிறது

ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று மங்கலாக எரிகிறது என்றால் பல்பைக் கழற்றாதீர்கள், எர்த் ஒயரைத் தேடுங்கள். வழக்கமாக வெள்ளை நிறம். திரும்பும் வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். டிரெய்லர் இரும்பில் போல்ட் போட்ட இடத்தைப் பெயிண்ட் போகச் சுரண்டி, துருவை எடுத்து, மறுபடி இறுக்கினால் தீரும். தீரவில்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீள ஒயரை நேராக டிரெய்லர் எர்த்துக்குக் கொடுத்துப் பாருங்கள்: விளக்குகள் ஒழுங்கானால் பிழை பிளக்கில் அல்லது பிக்கப் பக்க எர்த்தில், ஆகாவிட்டால் டிரெய்லருக்குள்.

இண்டிகேட்டர் மட்டும் வேகமாகத் துடித்தால் ஒரு பல்பு போயிருக்கும், அல்லது எல்இடி விளக்கின் குறைந்த மின்சாரத்தைப் பார்த்துப் பிக்கப் அப்படி நினைக்கிறது. இரண்டாவதற்கு எல்இடிக்கென்றே வரும் மாட்யூல் போட்டால் போதும்.